பெங்களூரில் செதுக்கின கார்கள்

எந்த ரேஸ் கேம்ல கார் அசல் மாதிரி இருக்குன்னு வீட்டுப் பிள்ளைங்க சண்டை போடுவாங்க இல்லையா? அந்தக் கதையில் நம்ம பெங்களூரும் இருக்குங்க.

ஒரு காரை நுணுக்கமா வடிக்க மாசக்கணக்கில் ஆகும். சோனியோட கிரான் டூரிஸ்மோ 4 வந்தது 2004ல், ஐந்தாவது 2010ல்தான். ஆயிரம் கார்னாங்க, புதுசா வடிச்சது சுமார் 200. மீதியெல்லாம் முந்தின வருஷ இருப்பு, எங்க பேங்க் பாஷையில் ஓப்பனிங் பேலன்ஸ்!

மைக்ரோசாஃப்டோட ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2005, 2007, 2009, 2011ன்னு தவறாம வந்துச்சு. கார் வடிக்கிற வேலையை வெளியிலயும் பங்கு போட்டுக் கொடுத்தது ஒரு காரணம். அதில் ஒரு பங்கு ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கின துருவா இன்டராக்டிவுக்கு. 2019ல் துருவாவை ராக்ஸ்டார் வாங்கிடுச்சு.

கார்ல ஃபெராரி முத்திரை தெரியும். செதுக்கின கை தெரியாது. பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க.