இரண்டாம் டிகாஷன்

சென்ற மாதம் ஒரு பத்திரிகாசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என்னிடம் அபிமானம் உள்ளவர். அவருடைய பத்திரிகையில் அப்போதுதான் என் தொடர்கதை ஒன்று முடிந்திருந்தது. அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, வந்த காரியத்தை ஆரம்பித்தார்.

"ஸார், வாசகர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டாம் பாகம் தொடங்கிவிடலாமே?"

"கதாநாயகன்தான் கடைசி அத்தியாயத்தில் இறந்துவிட்டானே?" என்றேன்.

"அதனால் என்ன? அவனுக்கு ஒரு பிள்ளை இருந்ததாக வைத்துக்கொண்டால் போகிறது."

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து காபி வந்தது. பாவம், அவர் வந்த வேளை சரியில்லை. முதல் டிகாஷன் காலையிலேயே தீர்ந்துவிட்டது. பில்டரில் கிடந்த அதே பொடியின் தலையில் மறுபடியும் வெந்நீரை ஊற்றி இறக்கிய காபி. ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக முகத்தைச் சுளிக்காமல், டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவருக்கு நேரான பதில் சொல்லவில்லை. ஒரு குரங்கின் கதையையும், அந்தக் குரங்குக்குப் பிறந்த பிள்ளையின் கதையையும் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

1933-ம் வருஷம் மார்ச்சு மாதம். அமெரிக்காவில் பாங்குகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. 4-ந் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். 6-ந் தேதி முதல் தேசம் முழுவதும் பாங்குகளை மூடி வைக்கும்படி உத்தரவிட்டார். ஜனங்களிடம் சில்லறைக்கே திண்டாட்டம். ஆர்.கே.ஓ. என்ற படக் கம்பெனியோ, ஜனவரியிலேயே கடன் தாளாமல், கோர்ட்டு நியமித்த நிர்வாகத்தின் கைக்குப் போயிருந்தது. இப்பேர்ப்பட்ட நேரத்தில், மார்ச்சு 2-ந் தேதியன்று, அந்தக் கம்பெனி நியூயார்க்கின் இரண்டு மாபெரும் கொட்டகைகளில் ஏக காலத்தில் ஒரு பயங்கரப் படத்தை வெளியிட்டது. அதுதான் "கிங் காங்".

சுமார் 6,70,000 டாலர் செலவில் எடுத்த படம். பாங்கில் போட்ட பணத்தைத் திரும்ப வாங்க முடியாத ஜனங்கள், கையில் இருந்ததைக் கொண்டுபோய் டிக்கெட்டு வாங்கினார்கள். நாலே நாளில் சுமார் 90,000 டாலர் வசூல்! அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வசூலை யாரும் கண்டதில்லை.

கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். டென்ஹாம் என்ற படப்பிடிப்பாளன் பெயர் தெரியாத ஒரு தீவுக்குக் கப்பலில் போகிறான். கூடவே ஓர் ஏழைப் பெண்ணைக் கதாநாயகியாக அழைத்துப் போகிறான். அந்தத் தீவில் ராட்சதக் குரங்கு ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு அந்தக் குரங்கைப் பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு மேடையில் நிறுத்திக் காசு வசூலிக்கிறான். சங்கிலியை அறுத்துக்கொண்டு அது தப்பி ஓடுகிறது. கட்டி முடித்து இரண்டு வருஷமே ஆகியிருந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி நிற்கிறது. ஆகாய விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்துகின்றன.

கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். படம் ஆரம்பித்து வெகு நேரம் வரையில் குரங்கைக் காட்டவே மாட்டார்கள். மூடுபனி வரும். தூரத்தில் முரசு கேட்கும். பிறகு, தீவின் குறுக்கே வானளாவ எழுந்து நிற்கும் ஒரு பழைய மதில் வரும். அதன் நடுவில் மலை போன்ற ஒரு கதவு வரும். "இவ்வளவு பெரிய கதவு யாரைத் தடுப்பதற்காக?" என்று நம் மனம் கேட்கிறது. அந்தக் கேள்வி எழுந்த கணத்திலேயே பயம் பிறந்துவிட்டது. குரங்கு வருவது பிற்பாடுதான்.

அந்தக் குரங்கு எப்படி இருந்தது தெரியுமா? பெரும்பாலான காட்சிகளில் அது ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மை. உள்ளே எஃகு எலும்புக்கூடு. அதன்மேல் ரப்பரும் பஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலே முயல் தோல். மார்செல் டெல்காடோ என்பவர் செய்து கொடுத்தார். அதற்கு உயிர் கொடுத்தவர் வில்லிஸ் ஓப்ரையன். பொம்மையின் கையை இம்மி அளவு நகர்த்துவது, ஒரு படம் பிடிப்பது, மறுபடியும் நகர்த்துவது, மறுபடியும் ஒரு படம். திரையில் ஒரு விநாடி ஓட இப்படி 24 படங்கள் வேண்டும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் விரல் பட்ட இடத்தில் மயிர் சற்றே கலையும். திரையில் பார்த்தால், கோபத்தில் உடம்பு சிலிர்ப்பது போலவே இருக்கும். கைத்தவறு கூட அந்தப் படத்துக்கு அழகாக அமைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடைசிக் காட்சியில் குரங்கைச் சுடும் விமானம் ஒன்றில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு யாருமல்ல. படத்தை எடுத்த மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும்தான். தாங்கள் பெற்ற பிள்ளையைத் தங்கள் கையாலேயே கொன்றார்கள். அது கீழே விழும்போது, அதுவரை பயந்து நடுங்கிய ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பயம் இரக்கமாக மாறியதும் கதை முடிந்தது. பாக்கி ஒன்றும் இல்லை.

ஆனால் கம்பெனிக்குப் பாக்கி இருந்தது, கடன் பாக்கி! வசூல் கணக்கைப் பார்த்தவுடனேயே அடுத்த படத்துக்கு உத்தரவு பிறந்தது. பெயர் "ஸன் ஆஃப் காங்". அதாவது காங்கின் மகன். செலவுக்கு முன்னதில் பாதிகூடக் கிடையாது. சுமார் 2,70,000 டாலர். அதே வருஷம் டிசம்பர் 22-ந் தேதி படம் வெளியாகிவிட்டது. அப்பன் கொட்டகைக்கு வந்து பத்து மாதம் ஆவதற்குள் பிள்ளையும் வந்துவிட்டான்.

திரைக்கதை எழுதியவர் ஷோட்சாக்கின் மனைவி ரூத் ரோஸ். முதல் படத்தின் வசனத்துக்குக் கூர்மை கொடுத்தவரும் அவரேதான். கெட்டிக்கார ஸ்திரீ. இருக்கிற பணத்தையும் நேரத்தையும் கொண்டு முன்னதைவிடப் பெரிதாகச் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே, வேடிக்கையாகவாவது இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

நியாயமாகச் சொன்னால் படத்தின் ஆரம்பம் நன்றாகவே இருக்கிறது. குரங்கு நியூயார்க்கைத் துவம்சம் செய்து ஒரு மாதம் ஆகிறது. நஷ்ட ஈடு கேட்டு ஊரே டென்ஹாம் பேரில் வழக்குப் போட்டிருக்கிறது. அவன் கோர்ட்டுச் சம்மன்காரர்களுக்குப் பயந்து ஓர் அறைக்குள் ஒளிந்து கிடக்கிறான். அந்தப் பிராணியை அதன் இடத்திலேயே விட்டிருக்கலாமே என்ற வருத்தமும் அவனை அரிக்கிறது. இது நல்ல கதை! பிறரைப் பயமுறுத்திப் பணம் சேர்த்தவன், பிறகு தன் மனச்சாட்சிக்குப் பயப்படுகிறான். இந்த நூலைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் வேறொரு அருமையான படம் கிடைத்திருக்கும். ஆனால் தலைப்பிலேயே மகன் இருக்கிறானே! அவனைக் காட்டியாக வேண்டும்.

எழுபது நிமிஷப் படத்தில் பாதி கழிந்த பிறகே அவன் வருகிறான். வெள்ளை ரோமமுள்ள குட்டிக் குரங்கு; குட்டி என்றாலும் இரண்டு ஆள் உயரம். புதைமணலில் மாட்டிக்கொண்டவனை டென்ஹாம் காப்பாற்றுகிறான். அவன் நன்றியுடன் பின்னாலேயே வருகிறான். விரலில் அடிபட்டால் கட்டுப் போடக் கையை நீட்டுகிறான். கண்ணை உருட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான். கடைசியில் பூகம்பத்தில் தீவு மூழ்கும்போது, டென்ஹாமைக் கையில் ஏந்தித் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் மூழ்கிப் போகிறான்.

பார்ப்பதற்குப் பரிதாபமான காட்சிதான். ஆனாலும் கண்ணில் நீர் வருவதில்லை. ஏன்? முதல் படத்தில் இரக்கம் நம்மை ஏமாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தது. பயந்து பயந்து வெறுத்த ஒன்றின் பேரில் இரக்கம் சுரந்ததே, அதுதான் அதிசயம். இரண்டாவது படத்தில், "இது சாதுப் பிராணி, இரங்குங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பயம் இல்லாத இடத்தில் அந்த இரக்கத்துக்கும் வலு இல்லை. மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது இப்போது நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு மதில் எவ்வளவு உயரமாயிருந்தால்தான் என்ன?

இதிலே ஒரு சிறிய விவரம் என் மனசைத் தொட்டது. மகனைச் செய்வதற்குப் புதிய எலும்புக்கூடு கூடச் செய்யவில்லை. அப்பன் பொம்மைகளில் ஒன்றின் தோலை உரித்து, அதே எஃகுக் கூட்டின்மேல் வெள்ளை ரோமத்தைப் போர்த்திவிட்டார்கள். அதே பொடி, அதே பில்டர், வெந்நீர் மட்டும் புதிது.

கேலி செய்துகொண்டே போகலாம். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததை நினைத்தால் பேச்சு அடைத்துப் போகிறது. ஓப்ரையனுக்கு இந்தக் கதையில் ஆரம்பம் முதலே மனம் செல்லவில்லை. வேலையில் பெரும்பகுதியை உதவியாளர்களிடம் விட்டிருந்தார். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், அவரை விட்டுப் பிரிந்து வாழ்ந்துவந்த மனைவி, தீராத நோயும் மனக்கலக்கமுமாக இருந்தவள், அவர்களுடைய இரண்டு புதல்வர்களையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டாள். தன்னையும் சுட்டுக்கொண்டாள், உயிர் போகவில்லை, அடுத்த வருஷம் இறந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்த மனிதர் பேரைப் போட்டுக்கொண்டு, இரண்டரை மாதத்தில், "காங்கின் மகன்" என்ற வேடிக்கைப் படம் கிறிஸ்துமஸுக்கு வெளியாயிற்று. பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே அவர் பிரியப்பட்டதில்லை. படம் நஷ்டமில்லை, சுமாரான லாபம் கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் லாபத்துக்குத்தான் இடம் உண்டு.

"அப்படியானால் இரண்டாம் பாகமே கூடாது என்கிறீர்களா?" என்று பத்திரிகாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

கூடாது என்று சொல்ல மாட்டேன். 1931-ல் யூனிவர்ஸல் கம்பெனி "பிராங்கன்ஸ்டைன்" எடுத்தது. அதுவும் பயங்கரப் படம். அதுவும் பிரமாதமான வெற்றி. அங்கேயும் இரண்டாவது படத்துக்கு அவசரப்பட்டார்கள். ஆனால் டைரக்டர் ஜேம்ஸ் வேல் லேசில் இசையவில்லை. நடுவில் வேறு படங்கள் எடுத்தார். நாலு வருஷம் கழித்து, 1935-ல், "பிராங்கன்ஸ்டைனின் மணமகள்" வெளிவந்தது. முதலாவதைவிட அதுவே உசத்தி என்று சொல்லும் ரசிகர்கள் இன்றைக்கும் உண்டு. காரணம் இருக்கிறது. மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட மூல நாவலில், அந்த விகார மனிதன் தன்னைப் படைத்தவனிடம் தனக்கு ஒரு துணை வேண்டும் என்று கேட்கிறான். முதல் படம் அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. கேட்ட கேள்வி அப்படியே பாக்கி இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் படத்தில் உறுமலைத் தவிர வேறு அறியாதவன் இரண்டாவதில் பேசக் கற்றுக்கொள்கிறான். பொடியே புதிது, ஆகவே காபியும் புதிது.

இதிலிருந்து படமுதலாளிகள் பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 1999-ல் "பிளேர் விட்ச் பிராஜெக்ட்" என்று ஒரு படம். ஒரு சூனியக்காரியைப் பற்றிப் படம் எடுக்கக் காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் காணாமற் போகிறார்கள்; அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் கிடைக்கிறது. சொற்பச் செலவில் எடுத்தார்கள். உலகம் முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூல். சூனியக்காரியை ஒரு தடவை கூடக் காட்டவில்லை என்பதுதான் விசேஷம். அடுத்த வருஷமே, வேறு டைரக்டரை வைத்து, ஒன்றரைக் கோடி டாலர் செலவில் இரண்டாவது படம் எடுத்தார்கள். ஜோ பெர்லிஞ்சர் என்ற அந்த டைரக்டர், வதந்தியை நம்பிப் பித்துப் பிடித்தவர்களைப் பற்றி ஒரு கதை சொல்ல நினைத்தார். கம்பெனியோ அதை வெட்டி, நடுநடுவே ரத்தக் களரியைச் செருகி வெளியிட்டது. வசூல் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. 1933-ல் செய்த அதே தப்பு. ஜனங்கள் எதற்காகக் காசு கொடுத்தார்கள் என்பதை இரண்டு கம்பெனிகளும் தவறாகப் புரிந்துகொண்டன. திரையில் தெரிந்ததற்காக என்று நினைத்தார்கள். உண்மையில், தெரியாததற்காகத்தான் கொடுத்தார்கள். தெரியாமை என்ற அந்த முதலை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும்.

கூப்பர், ஷோட்சாக், ரூத் ரோஸ், ஓப்ரையன் நால்வரும் பதினாறு வருஷம் கழித்து, 1949-ல், "மைட்டி ஜோ யங்" படத்துக்காக மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். அதிலும் ஒரு பெரிய குரங்குதான். ஆனால் அது காங்குக்குப் பேரனுமில்லை, பங்காளியுமில்லை. ஒரு சிறுமி வளர்த்த குரங்கு, பயமுறுத்தவென்று வந்ததல்ல. படம் பணம் பண்ணவில்லை. ஆனால் தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசுச் சிலை ஓப்ரையன் கைக்கு வந்தது. பொம்மைக்கு உயிர் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் ரே ஹாரிஹவுஸன் என்ற இளைஞர். 1933-ல் சிறுவனாகக் "கிங் காங்" பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர். அந்தப் படத்துக்கு உண்மையில் ஒரு வாரிசு உண்டென்றால், இவரைத்தான் சொல்லவேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பத்திரிகாசிரியர் சிறிது நேரம் சும்மா இருந்தார். "அப்போது, இரண்டாம் பாகம்?" என்றார் மெதுவாக.

"என் கதையில் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் எழுதுகிறேன். நாலு வருஷம் ஆகலாம்" என்றேன்.

அவர் எழுந்து விடைபெற்றுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "அடுத்த தடவை வரும்போது காலையிலேயே வந்துவிடுகிறேன், ஸார்" என்றார்.