மூன்றாவது துளையின் வரலாறு

நாட்டின் மிகப்பெரிய அனல் மின்நிலையம் எங்கள் புத்தளம் மாவட்டத்தில்தான், கற்பிட்டித் தீபகற்பத்து நுரைச்சோலையில் இருக்கிறது. 2011இல் அதன் முதல் அலகு தேசிய மின்வலையமைப்புடன் இணைந்தது. 2014இல் மூன்று அலகுகளுமாக 900 மெகாவோட் என்றாயிற்று. அந்த நிலையத்தைப் பற்றி எழுதாத பத்திரிகையாளர் குறைவு. ஆகவே அதை விட்டுவிட்டு, மின்சாரம் கனமூலையில் ஒரு வீட்டுச் சுவருக்குள் வந்து முடியும் இடத்தைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். மூன்று துளைகள் கொண்ட குதைதான் அது.

எங்கள் வீடுகளில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வேண்டும். பிளக்குக்கோ இரண்டு கால்கள். குதையின் கீழ்த்துளைகள் இரண்டும் உள்ளே மூடிக் கிடக்கின்றன. உடனே ஒரு பேனையோ தென்னை ஈர்க்கோ மேல்துளைக்குள் போகிறது, மூடி விலகுகிறது, பிளக் இறங்குகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தை தெரியும். அந்த மூடி ஏன் அங்கே வந்தது என்பது மட்டும் பெரியவர்களுக்கே தெரியாது.

கொழும்பில் மின்விநியோகம் தொடங்கியது 1895இல். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் கரோலைன் ஹாஸ்லெட் என்னும் பெண்மணி பிறந்தார். மின்பொறியியலில் பெண்களுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தில் அத்துறைக்குள் நுழைந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, போருக்குப் பின் கட்டப்படவுள்ள வீடுகளின் மின்னமைப்பை ஆராய அங்கு ஒரு குழு அமைந்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்தான். சுவரில் தவழும் உயரத்திலிருக்கும் துளைக்குள் குழந்தை ஊசியையோ விரலையோ நுழைத்தால் என்னாகும் என்ற கேள்வி அக்குழுவின் முன் இருந்தது. விடையாக 1947இல் வந்ததே சதுரக்கால் பிளக்கும் அதற்கான குதையும். மேல்துளைக்குரிய புவிக்கால் மற்றவற்றைவிட நீளமானது. அது முதலில் நுழைந்து மூடியைத் திறந்தால்தான் மின்னோட்டம் உள்ள துளைகளுக்கு வழி கிடைக்கும். பூட்டும் அதற்கொரு சாவியும் என்று சொல்லலாம். நாம் ஈர்க்கைக் கள்ளச் சாவியாக்கியிருக்கிறோம்!

இலங்கையில் நெடுங்காலம் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைக்கால் குதைகளும் இந்தச் சதுரக்கால் குதையும் கலந்தே புழங்கின. கடைசியில் 13 அம்பியர் சதுரக்கால் வகையே தேசியத் தரமென்று முடிவாகி, மற்றவற்றின் விற்பனை 2018இல் தடைசெய்யப்பட்டது. பழைய வீடுகளின் சுவர்களில் உருண்டைத் துளைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மூடியே கிடையாது.

மின்சாரம் வருமுன் எங்கள் பக்கம் அச்சம் வேறு வடிவில் இருந்தது. குப்பி விளக்கு தட்டுப்பட்டு உருண்டால் மண்ணெண்ணெய் பாயும் இடமெல்லாம் தீ. அத்தகைய காயங்களைக் கண்டு மனம் வெதும்பிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர, குள்ளமாக, பாரமாக, உருளாதபடி தட்டைப் பக்கங்களுடன், திருகு மூடியும் கொண்ட விளக்கொன்றை வடிவமைத்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. விளக்கைத் தட்டிவிடுவது மனித இயல்பு, அந்த இயல்புக்கு உயிர் பலியாகக் கூடாது என்பது அவர் எண்ணம். ஹாஸ்லெட்டின் குழு சிந்தித்ததும் ஏறத்தாழ அவ்வாறே.

உருகி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் உண்டு. உருகி காப்பது கம்பியை, மனிதனை அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வரை அவர்களால் அதைக் கைவிட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் கை தானாக இறுகிக்கொள்ளும். 40 வோட் மின்குமிழ் ஒன்று எரிய இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். ஐந்து அம்பியர் உருகிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்து, 30 மில்லி அம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அதனால்தான் பிறந்தது. அதில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதமொருமுறை அதை அழுத்திப் பார்க்கும் வீடு எத்தனை?

கரையோரத்து மணலுக்கும் இதில் பங்குண்டு. காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. புவிக்கோலை ஈரமண் தட்டும்வரை இறக்காவிட்டால் மூன்றாவது துளை வெறும் அலங்காரமே.

வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சித் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து, அதில் வீட்டு மின்சாரத்தை நேரே கொடுக்கும் வழக்கம் எங்கள் மாவட்டத்தின் உட்பகுதிகளிலும் நாட்டின் பிற இடங்களிலும் உண்டு. முறையான யானை வேலியில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்தான். ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த துடிப்புகளாக, இடைவெளி விட்டு வரும். அடித்துத் தள்ளும், பிடித்து வைக்காது. 230 வோல்ட் வீட்டு மின்சாரமோ தொட்டவனை விடுவதில்லை. சட்டவிரோதம் என்று தெரிந்தே இரவில் இணைத்து விடியுமுன் கழற்றுகிறார்கள். அந்த வேலிகளில் யானைகள் மட்டுமா சாகின்றன? அயலவரும், சில வேளைகளில் கம்பி கட்டியவரின் வீட்டாருமே சாகிறார்கள்.