ஆவியும் நீராவியும் கைரேகையும்

நீர்வேலியின் வாழைத்தோட்டங்களைக் கடந்து பாடசாலைக்கு வரும் எமது மாணவன் ஒருவன், அண்மையில் இலக்கியப் பாடவேளையிலே கொப்பிக்குள் ஒரு சித்திரக்கதையை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பறித்துக் கிழித்தெறிவது ஆசிரியரின் பழைய வழக்கம். நாமோ அதனை வாங்கிச் சென்று வீட்டிலே முழுவதும் படித்தோம்.

விக்டோரியா மகாராணி காலத்து இலண்டன், மூடுபனி, வாயு விளக்குகள், நீராவியால் இயங்கும் ஆகாய ஊர்திகள், பித்தளை இயந்திர மனிதர். இவற்றினிடையே பேய்கள் புரியும் குற்றங்களைத் துப்பறிகிறான் ஒருவன். நீராவி யுகத்தை வைத்துப் புனையும் இவ்வகைக் கற்பனைக்கு 1987ஆம் ஆண்டு 'ஸ்டீம்பங்க்' என்று பெயரிட்டனர். கொதிநீரிலிருந்து எழுவதும் தமிழிலே ஆவி. இறந்தவர் உருவாக உலவுவதும் ஆவி. இரண்டும் அக்கதையிலே கலந்து நின்றன.

துப்பறியும் கதை எமக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அதனைத் தமிழில் வேரூன்றச் செய்தனர். ஆங்கில மூலங்களைத் தழுவியவை பல. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 'வேலியண்ட்' என்னும் ஆங்கிலச் சிறுவர் இதழில் 1962இல் தோன்றியவன் அவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும். உருக்குக் கை மாத்திரம் கண்ணுக்குத் தெரியும். இலண்டனில் வாழும் அமானுடத் துப்பறிவாளன் டைலன் டாக்கும் பின்னர் தமிழ் பேசினான்.

இக்கதைகளைக் குப்பையென்று ஒதுக்குதல் எளிது. ஆயின், அந்த மூடுபனி உலகம் எதன்மேல் கட்டப்பட்டது என்று வினவுதலே வரலாறு கற்பிப்போரின் கடன் என்று நாம் கருதுகின்றோம்.

இலண்டன் பொலிசிலே துப்பறியும் பிரிவு 1842இல் அமைக்கப்பட்டது. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாகிய வில்கி கொலின்சின் 'மூன்ஸ்டோன்' 1868இல் வெளிவந்தது. அதிலே களவு போகும் வைரம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கில அதிகாரியொருவன் கொள்ளையிட்ட பொருள். முதற் களவு எங்கே நிகழ்ந்தது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. பின்வந்தோர் பலர் அதனை மறந்தனர். கொனன் டொயில் 1890இல் வெளியிட்ட 'நால்வர் சின்னம்' என்னும் நாவலிலும் ஆக்ராவின் புதையலே மர்மத்தின் மூலம். ஆனால் அங்கே அந்தமான் தீவு மனிதன் ஓர் அரக்கனாகவே தீட்டப்படுகின்றான். கொள்ளையிட்டவன் வீட்டுக்காரனானான், கொள்ளையிடப்பட்டவன் பேயானான்.

இனி, துப்பறிவாளனின் தலையாய கருவியாகிய கைரேகையை நோக்குவோம். 1858ஆம் ஆண்டு வங்காளத்திலே வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தப் பத்திரத்தில் பதித்தார். இந்தியன் சொல்லை ஆட்சி நம்பவில்லை, கையை நம்பியது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியருக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அம்முறை மேலதிகாரி ஹென்றியின் பெயரையே பெற்றது. 1901இல் அது ஸ்கொட்லாந்து யார்டுக்குச் சென்றது. இலண்டன் துப்பறிவாளனின் விஞ்ஞானம், அடிமை நாட்டு மக்களின் விரல்களிலே பழகப்பட்ட விஞ்ஞானமாகும்.

அது எதற்குப் பயன்பட்டது? 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்டது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரையை அடுத்த பெருங்காமநல்லூரிலே, ரேகைப் பதிவுக்கு உடன்பட மறுத்த கள்ளர் சமூகத்தார்மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பதினாறு பேர் மாண்டனர். இரும்புக்கை மாயாவியை இப்போது நினைவுகூர்க. அவன் உடல் மறைந்து கை மாத்திரம் தெரிவது கற்பனை. அரசாங்கப் பதிவேட்டிலே மனிதன் மறைந்து விரலின் மை மாத்திரம் எஞ்சியது வரலாறு.

நீராவியின் கதையும் இத்தகையதே. இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1867இல் கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் நோக்கம். யாழ்ப்பாணமும் கொழும்பும் புகையிரதத்தால் இணைக்கப்பட 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்பியைப் பறித்தவரோ தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர் பலர். ஆவி கதைதான் வேண்டுமென்றால், அந்தக் காட்டுப் பாதையிலும் கதைகள் உண்டு. அவற்றைத் துப்பறிய எந்த நாயகனும் வரவில்லை.

மேற்கிலும் இவ்வுணர்வு முற்றாக இல்லாமலில்லை. ஜூல்ஸ் வேர்ணின் நீர்மூழ்கித் தலைவன் நெமோ, 1857 கிளர்ச்சியிலே போராடிய பந்தேல்கண்ட் இளவரசன் என்பது 1875இல் நிறைவுற்ற 'மர்மத் தீவு' நாவலில் தெரியவருகின்றது. 1999இல் அலன் மூர் தொடங்கிய விக்டோரியச் சித்திரக்கதையிலும் அந்த இந்தியன் மீண்டும் வந்தான். இயந்திரத்தை ஆள்பவன் ஆங்கிலேயனாகத்தான் இருக்க வேண்டுமென்ற நியதி கற்பனையிலும் இல்லை என்பதற்கு இவை சான்று.

மறுவாரம் நூலை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தோம். "இந்த இயந்திரங்களுக்குக் கரி அள்ளிப் போட்டது யார்? தேடிப் பார்" என்றோம். பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"ஒருத்தரையும் கீறேல்லை, சேர்."

"அப்படியென்றால் நீ கீறு" என்றோம்.

சித்திரக்கதையைத் தடை செய்வதாற் பயன் இல்லை. சிறுவர் அதனை விரும்புவர், விரும்பட்டும். அவர்கள் படத்தில் இருப்பவரைக் கண்டு வியப்பதோடு இல்லாதவரையும் தேடப் பழகுவார்களாயின், அதுவே துப்பறிதலின் தொடக்கமாகும். அந்தப் பழக்கத்தை ஊட்டுவது பாடசாலையின் பொறுப்பு.