சம்மன் பணம் யார் பைக்குப் போகிறது?

தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளையும் ஏறி இறங்கி, வெயிலில் வெந்து, எம்.ஆர்.ஆர். 2 சாலையோரம் நிறுத்திய காரைத் தேடி வருகிறார் ஒருவர். கண்ணாடித் துடைப்பானில் ஒரு தாள் செருகியிருக்கிறது. முருகன் பெயர் வர வேண்டிய வாயில் அப்போது வேறு வார்த்தைதான் வரும். "மாசக் கடைசிலே, இவங்களுக்குக் கல்லா நிரம்பணும்!" என்று பக்கத்துக் கார்க்காரரும் சேர்ந்துகொள்வார். சம்மன் எழுதுகிறவருக்கோ அவருடைய இலாகாவுக்கோ அந்தப் பணத்தில் பங்கு உண்டு என்பது கிள்ளான் முதல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நம்மவர் பலரிடம் ஊறிப்போன நம்பிக்கை.

உண்மை என்ன?

அந்தத் தாள் செலாயாங் நகராண்மைக் கழகத்தினுடையது என்றால் பணம் கழகத்தின் நிதிக்கே போகும். போலீஸ் அல்லது ஜேபிஜே கொடுத்தது என்றால் கதை வேறு. 1958-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1987-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, நீதிமன்றம் போகாமலே அபராதம் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கட்டிய பணம் போலீஸ் நிலையத்தில் தங்காது. கூட்டரசு அரசியலமைப்பின் 97-வது பிரிவு, மத்திய அரசாங்கத்துக்கு வரும் வருமானம் அனைத்தும் ஒரே திரட்டு நிதியில் சேர வேண்டும் என்கிறது. 104-வது பிரிவு, சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதிலிருந்து பணம் எடுக்க முடியாது என்கிறது.

இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டனில் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ஒவ்வொரு வரி என்று குழம்பிக் கிடந்ததை, 1787-ல் பிரதமர் வில்லியம் பிட் ஒரே நிதியாக ஒன்றுசேர்த்தார். எந்த அதிகாரி வசூலித்தாலும் பணம் ஒரே பெட்டிக்கு. யாருக்கு எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கும். 1957-ல் மெர்டேக்காவோடு அந்தப் பெட்டி நமக்கும் வந்தது.

ஆக, பத்துமலையில் வெயிலில் நின்று விசில் ஊதும் போலீஸ்காரர் நூறு சம்மன் எழுதினாலும் அவருக்குச் சம்பளம் கூடாது, சப்பாத்தும் புதிதாகாது. இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் போலீஸ் படை, மற்ற இலாகாக்களோடு வரிசையில் நின்றுதான் பணம் பெற வேண்டும். 2004-ல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தபோது, அந்த வரிசையின் லட்சணம் வெளிச்சத்துக்கு வந்தது. டெனிசன் ஜெயசூரியாவும் அதில் ஓர் உறுப்பினர். 2005 மே மாதம் வெளியான அறிக்கையில் 125 பரிந்துரைகள். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்ற ஒன்றைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறைந்த சம்பளம், இடிந்த குடியிருப்புகள், போதாத பயிற்சி, பழைய கருவிகள் பற்றியும் அதே அறிக்கை பேசியதை அதிகம் பேர் படிக்கவில்லை.

அப்படியானால் சம்மன் பணத்தையே போலீஸ் பயிற்சிக்குக் கொடுத்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தவர்களும் உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் போலீஸ் பயிற்சித் தரத்தைக் கவனிக்க 1959-ல் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் செலவுக்கு அபராதத்தின் மேல் ஒரு கூடுதல் கட்டணம் போடப்பட்டது. தப்பு செய்தவன் கட்டுகிறான், வரி செலுத்துகிறவனுக்குச் சுமையில்லை என்பது வாதம். ஒரு கூடுதல் கட்டணம் ருசி கண்டதும் நீதிமன்றக் கட்டடம், அவசர மருத்துவம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 35 டாலர் அபராதம் கடைசியில் 200 டாலரைத் தாண்டியது. ஏழைகளால் கட்ட முடியவில்லை. கட்டாதவர்களின் லைசென்ஸ் முடக்கப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் வேலைக்குப் போக முடியவில்லை. 2017-ல்தான் அந்த முடக்கத்தை மாநிலம் கைவிட்டது. இன்னொரு சிக்கலும் வந்தது. அபராத வசூல் குறைந்தபோது பயிற்சி நிதியும் வற்றியது. மக்கள் ஒழுங்காகக் கார் ஓட்டினால் போலீசாருக்குப் பயிற்சி இல்லை என்றால், எதற்காகப் பிரார்த்திப்பது?

மிசோரி மாநிலத்தின் பெர்குசன் நகரில் இது இன்னும் முற்றியது. நகரச் செலவுக்கு அபராதத்தை நம்பி, போலீசாரை வசூல்காரர்களாக்கிவிட்டார்கள் என்று 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை அமைச்சே அறிக்கை வெளியிட்டது. கறுப்பின மக்கள்தான் அதில் அதிகம் நசுங்கினார்கள்.

தமிழ்நாட்டில் நடுவழி ஒன்று இருக்கிறது. போக்குவரத்து அபராத வசூலை வைத்துச் சாலைப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தப்பட்டு, அதிலிருந்து போலீசாருக்குக் கருவிகள் வாங்கப்படுகின்றன. ஆனால் ஒதுக்குவது அரசு. வசூலித்த நிலையமே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் நாட்டிலோ முன்கதவு பூட்டியிருக்க, பக்கக் கதவு ஒன்று திறந்தது. 2012 செப்டம்பரில் ஏ.இ.எஸ். கேமராக்கள் வந்தன. 831 கேமராக்கள் என்பது திட்டம், தொடக்கத்தில் 14. கேமராவுக்கான முதலீட்டை இரண்டு தனியார் நிறுவனங்கள் போடும். வசூலாகும் சம்மன் தொகையில் அவற்றுக்குப் பங்கு. பல காலமாக மக்கள் சந்தேகப்பட்ட 'கல்லா' இப்போது ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது! சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளை நிறுத்திவைத்தார்.

இதைவிட வேடிக்கை 2015-ல் நடந்தது. இராணுவ வீரர்களின் சேமிப்பைக் காக்கும் ஆயுதப் படை நிதி வாரியம், அந்த இரண்டு நிறுவனங்களின் ஏ.இ.எஸ். தொழிலை 55 கோடியே 50 லட்சம் வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது. எல்லையில் காவல் நிற்கும் சிப்பாயின் ஓய்வுக்காலப் பணத்துக்கும், நெடுஞ்சாலையில் நாம் மிதிக்கும் எண்ணெய்க்கும் முடிச்சு விழுந்தது.

2018-ல் ஆட்சி மாறியதும் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், கேமராக்களை அரசாங்கமே ஏற்று நடத்தும் என்று அறிவித்தார். கட்டப்படாமல் கிடந்த ஏறத்தாழ 31 லட்சம் ஏ.இ.எஸ். சம்மன்கள் ரத்தாயின. முன்பே ஒழுங்காகக் கட்டியவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்கள். கேமராக்கள் அங்கேயேதான் நின்றன. பணம் மட்டும் பழைய பெட்டிக்குத் திரும்பியது.