அந்நிய பாஷைப் பேச்சும் உளநூலார் கொள்கைகளும்

சமயப் பரவசத்தில் சிலர் தாம் கல்லாத மொழிபோல் ஒலிக்கும் பேச்சினைத் தங்குதடையின்றிப் பொழிவர். விவிலியத் தமிழ் இதனை ‘அந்நிய பாஷை’ என வழங்கும். 1860ஆம் ஆண்டு அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழிநடத்திய எழுப்புதலிலும், 1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவிலும் இது நிகழ்ந்தது. இஃது இறையருளா என்பது சமயத்தார் வினா. உள்ளம் இதனை எங்ஙனம் படைக்கின்றது என்பது உளநூலார் வினா. ஈண்டு நாம் ஆராய்வது பின்னதேயாம்.

இத்துறைக்கு அடிகோலியவருள் ஒருவர் ஜெனீவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் ஃபுளூர்னுவா. ஹெலன் ஸ்மித் என அவர் புனைபெயரிட்டுக் குறித்த பெண்மணி, மயக்க நிலையில் செவ்வாய்க் கோளின் மொழி என ஒன்றனையும் வடமொழி என மற்றொன்றனையும் பேசினார். செவ்வாய் மொழியின் ஒலிகளும் சொல்வரிசையும் பிரெஞ்சு மொழியினவே என ஃபுளூர்னுவா 1900ஆம் ஆண்டு நூலில் நிறுவினார். அடிமனம் தாய்மொழிக்கே மாறுவேடம் புனைந்தது என்பது அவர் முடிபு. மற்றதனை ஆராய்ந்த மொழியறிஞர் சசூர், அதில் வடமொழிச் சாயல் உண்டெனினும் அது முறையான வடமொழியன்று எனக் கண்டார்.

ஃபுளூர்னுவா பேச்சினை ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்தோருட் சிலர் பேசுவோரை எடைபோட்டனர். ஜார்ஜ் கட்டன் 1927ஆம் ஆண்டு நூலில் இதனை உளநோய்க் குறிகளோடும் கல்விக் குறைவோடும் இயைத்துரைத்தார். 1972ஆம் ஆண்டில் மொழியறிஞர் வில்லியம் சமரின் இக்கருத்தை மறுத்தார். இப்பேச்சின் அசையும் ஏற்ற இறக்கமும் மொழியை ஒத்தன. சொற்பொருள் அமைப்போ இல்லை. ஒலிகள் பெரும்பாலும் பேசுவோர் அறிந்த மொழியின. பேசுவோரோ இயல்பான மனநிலையினர் என்றார் அவர். அதே ஆண்டில் ஃபெலிசிட்டாஸ் குட்மன், வெவ்வேறு நாட்டார் பேச்சிலும் இசையோட்டம் ஒத்திருத்தலைச் சுட்டி, பரவச நிலையே அதற்குக் காரணம் என்றார். 2006ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் ஐந்து பெண்டிரின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தனர். பாடும்போதினும் இப்பேச்சின்போது மூளையின் முன்பகுதிச் செயல் குறைந்திருந்தது. ஆயினும் ஐவரைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் பொருந்தாது.

அகராதிப் பொருளின்மை நோய்க்குச் சான்றாகாது. இராக ஆலாபனையின் அசைகளும் அகராதிப் பொருள் தருவன அல்ல. அவற்றை நோயென்பார் யாருமிலர். முதற்கண் பேச்சினைச் செவிமடுத்துப் பின்னரே பேசுவோர் உள்ளத்தை மதிப்பிடல் வேண்டும். அம்முறை பிறழ்ந்தமையே கட்டன் கொள்கையின் குறையாகும்.