கருவி போனாலும் மொழி போகவில்லை

தூரத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவருடைய மொழி புரிந்த கருவி இங்கே இல்லை. என்ன செய்வது? 2014ஆம் ஆண்டில் விண்வெளி ஆர்வலர்கள் சிலர் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள்.

1978 ஆகஸ்டு 12ஆம் நாள் ஏவப்பட்ட ஐ.எஸ்.இ.இ.-3 என்னும் விண்கலம் சூரியக் காற்றை ஆராய்ந்தது. 1985 செப்டம்பரில் ஜியாகோபினி-சின்னர் வால்நட்சத்திரத்தின் வாலைக் கடந்து சென்றது. வால்நட்சத்திரம் ஒன்றை நெருங்கிய முதல் விண்கலம் அதுவே. 1997இல் நாசா அதன் பணியை முடித்துக்கொண்டது. 1999இல், அதற்குக் கட்டளை அனுப்பும் பழைய கருவிகளும் அகற்றப்பட்டன. ஆனால், விண்கலம் மட்டும் ஓயவில்லை. அதன் வானொலி அலை வந்துகொண்டே இருந்தது.

2014இல் அது பூமியை நெருங்கி வந்தது. டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் ஆகியோர் தலைமையில் ஒரு குழு பொதுமக்களிடம் நிதி திரட்டிக் களமிறங்கியது. பழைய கருவியை மீண்டும் செய்யாமல், அது செய்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்தனர். இதுவே மென்பொருள் வானொலி.

பழைய வானொலிப் பெட்டியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மின்சுற்று உண்டு. மென்பொருள் வானொலியிலோ, ஆண்டெனா வாங்கும் அலையின் அளவு விநாடிக்குப் பல இலட்சம் முறை குறிக்கப்பட்டு எண்களாகிறது. அதற்குப்பின் எல்லாம் கணக்குதான். 1992இல் ஜோசப் மிட்டோலா இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 2001இல் தொடங்கிய குனூ ரேடியோ என்ற இலவச மென்பொருள் அதை எல்லார் கைக்கும் கொண்டு வந்தது.

குறியேற்றம் என்பது என்ன? தொலைபேசியில் "ஏழு" என்று சொல்லிவிட்டு, "ஆறுக்கு அடுத்த ஏழு" என்றும் சேர்த்துச் சொல்கிறோம் அல்லவா? இரைச்சலில் ஒன்று தப்பினாலும் மற்றொன்று காப்பாற்றும். அந்த விண்கலமும் ஒவ்வொரு தகவல் எண்ணுக்கும் இரண்டு எண்களை அனுப்பியது. அவற்றில் முன்னே சென்ற எண்களின் சாயலும் கலந்திருக்கும். வழியில் சில சிதைந்தாலும் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு மீட்கலாம். இவ்வாறு மீட்பதே குறிநீக்கம். இதன் விதிமுறைகள் பழைய ஆவணங்களில் இருந்தன. அவற்றைப் பார்த்து நிரல் எழுதப்பட்டது.

2014 மே 29ஆம் நாள், போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து கட்டளை அனுப்பப்பட்டது. விண்கலம் கீழ்ப்படிந்தது. ஜூலை 2ஆம் நாள் அதன் உந்துபொறிகளும் இயங்கின. ஆனால், சில நாள்களில் பாதையை மாற்ற முயன்றபோது அவை கைவிட்டன. எரிபொருளைத் தள்ளும் நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. செப்டம்பரில் தொடர்பு அறுந்தது.

எண்ணிய பாதையில் கலத்தைத் திருப்ப முடியவில்லை. எனினும், 36 ஆண்டுப் பழைய விண்கலம் சொன்னது புரிந்தது. அதற்குச் சொன்னதும் புரிந்தது. கருவியைக் கழித்துவிட்டாலும், அது பேசிய மொழியின் இலக்கணத்தை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தாள்களும் போயிருந்தால் எந்தக் கணினியாலும் பயன் இருந்திருக்காது.