பெயரனும் பேரனும்

தென்காசிப் பக்கத்து வீடுகளில் மகன் வயிற்றுப் பிள்ளையையும் மகள் வயிற்றுப் பிள்ளையையும் பேரன் என்றும் பேத்தி என்றும் கொண்டாடுகிற ஆச்சிமார்களுக்கு, அந்தச் சொற்களுக்குள் ஒரு குடும்பச் சட்டமே அடங்கியிருக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தவர்களே அவர்கள்தாம். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனுடைய பெயரை எவன் பூண்டிருக்கிறானோ அவன் பெயரன். பாட்டியின் பெயரைப் பூண்டவள் பெயர்த்தி. அது பேர்த்தியாகிப் பிறகு பேத்தியாயிற்று. சங்கத் தொகை நூல்களிலேயே, புதல்வனை அவனுடைய பாட்டனுக்குப் பெயரன் என்று சுட்டும் வழக்கு வந்துவிடுகிறது.

வடமொழியில் இந்த உறவுக்கு வழங்கும் சொற்கள் பௌத்திரன், தௌகித்திரன் என்பன. முன்னது புத்திரன் வழி வந்தவன் என்றும், பின்னது புத்திரி வழி வந்தவன் என்றும் பொருள்படும். சந்ததி எந்த வழியாக இறங்கி வந்தது என்பதே அங்கே விசாரணை. தமிழோ அந்த விசாரணையில் இறங்காமல், யாருடைய பெயரைத் தாங்குகிறான் என்ற ஒன்றையே கருதி உறவுக்குப் பெயர் சூட்டிவிட்டது. கணவாய்க்கு அப்பால் மலையாளத்தாரும் பேரக்குட்டி என்றே சொல்லுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ பேரன் என்றால் பாட்டன், பேத்தி என்றால் பாட்டி; பெயரைக் கொடுத்தவருக்கும் பெயரைப் பெற்றவருக்கும் ஒரே சொல் பொருந்தும்படி அந்த உறவு அவ்வளவு நெருக்கமாக எண்ணப்பட்டிருக்கிறது.

ஆகையால் பழைய பெயர் மறைவதும் மீண்டும் தலையெடுப்பதும் நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. பெயர் ஒரு தலைமுறை ஒதுங்கியிருந்து அடுத்த தலைமுறையில் திரும்பி வருவதே இங்கே விதியாக இருந்தது. பாண்டிய மன்னர்கள் மாறவர்மன் என்றும் சடையவர்மன் என்றும் மாறி மாறிப் பட்டம் சூடிக்கொண்டதிலும் இந்த மனப்பாங்கின் சாயலைக் காணலாம். 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் காசிவிசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அரிகேசரி என்னும் பெயரையும் உடையவனாக இருந்தான். அது குற்றாலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் காலத்து நெடுமாறனுக்கு உரிய பெயர். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டி வம்சத்தின் பழம்பெயர் ஒன்று இந்த ஊரில் மறுபடியும் ஒலித்தது. தென்காசி என்ற ஊர்ப்பெயரே வடக்கிலுள்ள ஒரு மூதூரின் பெயரைத் தாங்குவதுதானே!

குடும்பங்களில் இந்த விதி நடந்த முறை மிகவும் திட்டமானது. தலைப்பிள்ளை ஆணானால் தகப்பனைப் பெற்றவருடைய பெயர். இரண்டாவது ஆண் பிறந்தால் தாயைப் பெற்றவருடைய பெயர். பெண் குழந்தைகளுக்கும் அவ்வாறே இரு ஆச்சிமார்களின் பெயர்கள். இதனால் அண்ணன் தம்பி நால்வர் உள்ள வீட்டில் நான்கு தலைப்பிள்ளைகளும் குற்றாலிங்கங்களாகவே இருப்பார்கள். பெரிய குத்தாலிங்கம், சின்ன குத்தாலிங்கம், மேலவீட்டுக் குத்தாலிங்கம் என்று அடை சேர்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். மாமனாருடைய பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற சம்பிரதாயமும் கூடவே இருந்தபடியால், பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை தாய்க்கு இல்லை. அவள் ‘ராசா’ என்பாள், ‘செல்லையா’ என்பாள். பிள்ளையின் பெயர் என்னவென்று அயலார் கேட்டால், “எங்க மாமா பேருதான்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கோபம் வந்தாலும் அந்தப் பெயரை ஒருமையில் விளித்து வைய முடியாது. ஏட்டுக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஒரு பெயருமாக ஒரே பிள்ளை இரண்டு பெயரோடு வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

இந்தப் பிரதேசத்துப் பெயர்கள் பெரும்பாலும் ஸ்தலங்களிலிருந்து பிறந்தவை. குற்றாலநாதரால் குற்றாலிங்கமும், அவருடைய தேவியால் குழல்வாய்மொழியும், தென்காசி உலகம்மனால் உலகம்மாளும் உலகநாதனும், பண்பொழி மலைமேல் உறையும் குமாரசாமியால் திருமலையும், சங்கரன்கோவிலால் சங்கரலிங்கமும் கோமதியும் வீடுதோறும் நிறைந்தார்கள். திப்பணம்பட்டியில் பிறந்த சு. சமுத்திரம், ‘ஒரு கோட்டுக்கு வெளியே’ நாவலின் நாயகிக்கு உலகம்மை என்று பெயரிட்டபோது, வேறொன்றும் சொல்லாமலே அவளை இந்த மண்ணுக்கு உரியவளாக்கிவிட்டார். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானி பீர்முகம்மது அப்பாவின் பெயர் இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் வழங்கி வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஊர்க்காவல் தெய்வங்களால் வந்தவை இசக்கி, சுடலைமுத்து, பேச்சியம்மாள், மாடசாமி என்பன. இவற்றின் ஓசையிலுள்ள கம்பீரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லாப் பழம்பெயரும் திரும்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. முன்னே பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றும், தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவனை செய்து தவிட்டம்மாள் என்றும், பிச்சை என்றும் பெயரிட்டார்கள்; இழிந்த பெயருடைய பிள்ளையை எமன் பொருட்படுத்த மாட்டான் என்ற நம்பிக்கை. குழந்தை மரணம் குறைந்ததும் அப்பெயர்களுக்கு அவசியமில்லாமல் போயிற்று. பெண் பிறந்ததைச் சலித்துக்கொண்டு ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்களே, அது ஒழிந்ததுதான் தர்மம்.

ஆனால் குற்றாலிங்கமும் உலகம்மாளும் ஒதுக்கப்பட்டதற்கு அத்தகைய நியாயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிகாசத்துக்கு அஞ்சியும், தெய்வத்தின் பெயரே குலத்தையும் குடியிருப்பையும் காட்டிக் கொடுக்கும் என்று கூசியும், நட்சத்திரத்துக்குரிய எழுத்தையும் எண் கணிதத்தையும் நம்பியும், ஆங்கில எழுத்தில் எழுதினால் நீளுகிறதே என்று தயங்கியும் பெற்றோர் அவற்றைக் கைவிட்டார்கள். காவல் தெய்வத்தின் பெயரால் அவமானப்பட்ட ஒருவர் அந்தப் பெயரைத் தம் மகனுக்கு வைக்க மனம் வராமல் இருந்தால் அவரைக் குறை கூற எனக்கு நா எழாது, குற்றம் பரிகசித்தவர்களுடையது. பிறப்புப் பதிவேட்டில் ஒரு பெயருக்கே இடம் என்று ஆனதும், ஏட்டுப் பெயர் தாத்தாவுடையது, வீட்டுப் பெயர் அம்மாவுடையது என்று இருந்த பங்கீடு தலைகீழாயிற்று: பெற்றோர் விரும்பிய பெயர் ஏட்டில் ஏறியது, தாத்தாவின் பெயர், அவர் இருக்கும்வரை, வீட்டுக்குள் மட்டும் வழங்கியது.

இதற்கிடையே, நெடுங்காலம் வழக்கில் இல்லாத வேறு பழம்பெயர்கள் ஏடுகளின் வழியாகத் திரும்பின. 1916இல் வேதாசலம் மறைமலையடிகளான பின், அந்தத் தமிழுணர்ச்சி பரவிய காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனானார், தியாகராஜசுந்தரம் மாறனானார். பாண்டியரின் பட்டப்பெயர் அரண்மனையை விட்டு மக்களின் தொட்டிலுக்கு வந்தது பெருமைக்குரியதே. இன்று ஆதிரை, யாழினி, செழியன் என்று வைக்கும் இளம் பெற்றோர் அந்த வழியில் வருகிறவர்கள். ஆயினும் இலக்கியம் தேடிக் கொடுத்த பெயருக்கும், ஆச்சி சுமந்து வந்த பெயருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டிலிருந்து வந்த மாறனுக்கு அவன் வீட்டில் முன்னோடி இல்லை. அவனைச் சொல்லின் முழுப்பொருளில் பெயரன் என்று அழைக்க இயலாது. இசக்கியையும் சுடலையையும் ஏடுகள் மீட்டுத் தரப்போவதும் இல்லை. அவற்றுக்கு வீடுதான் கதி.

சில வீடுகளில் ஒரு சமரசம் தோன்றியிருப்பதைக் கண்டு மகிழ்கிறேன். காந்திமதி ஆச்சியின் பேத்தி மதி என்றும், குழல்வாய்மொழி ஆச்சியின் பேத்தி குழலி என்றும், பதிவேட்டிலேயே இடம் பெறுகிறார்கள். இசக்கியின் பேரன் இசக்கிராஜா ஆகிறான். பிறப்பை முதலில் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளை பெற்று, மருத்துவமனைப் படிவத்தின்முன் அவசரப்படுகிற நம் பக்கத்துத் தம்பதிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊருக்கு வந்து பெரியவர்களோடு கலந்து பேசும்வரை அந்தப் பெயர்க்கட்டம் காலியாகவே இருக்கலாம்.